ஓடைக்கரைப் பஞ்சவர்ணம்

மெகராஜ் பேகம் அத்தை மாங்காயை முகர்ந்து பார்ப்பதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, காம்பு ஒடித்த இடத்தை ஒரே ஒரு முறை மூக்குக்குக் கீழே கொண்டுபோவார். காயைச் சுளகில் வைத்துவிட்டு, "கிணத்துமேட்டுச் சப்பட்டை. நாளன்னைக்கு எறக்கலாம்" என்பார். அந்தச் சொல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி எங்கள் தோப்புக்கு வந்துசேர்ந்த பிறகுதான் ஆட்கள் கூடையைத் தூக்குவார்கள்.

தோப்பு எங்களுடையது. கான்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் இருந்தது. ஒரு பக்கம் ஓடை, ஓடைக்கு அந்தக் கரையில் காடு. காய்ப்பை வருஷா வருஷம் குத்தகைக்கு எடுத்தவர் அத்தையின் கணவர் சேக் முகைதீன். அவரும் பட்டாளத்திலிருந்து வந்த என் அப்பா முத்துராமலிங்கமும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த முறையில் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை.

மாமாவுக்கு மரங்களைத் தெரியும். எந்தக் கிளை ஏமாற்றும், எது காற்றுக்கு நிற்கும் என்று பூ விடும்போதே சொல்வார். ஆனால் எந்த மரத்தை எந்த நாள் பறிப்பது என்பதை மட்டும் சொல்லமாட்டார். மரத்துக்கு ஒரு காய் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். "கண்ணு எங்கிட்ட இருக்கு மச்சான், மூக்கு ஊர்ல இருக்கு" என்பார். மாங்காய் பார்வைக்கு முற்றியதுபோலவே இருக்கும். பறித்து, வைக்கோல் பரப்பி, அறையில் அடுக்கிச் சாத்தி வைத்த பிறகுதான் எது பழமானது, எது சுருங்கியது என்று தெரியவரும். அத்தைக்கு அது காம்பிலேயே தெரிந்துவிடும்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், ராஜபாளையத்தில் மாங்காய் கமிஷன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். அத்தை இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டாமல், வேற்று ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. மாங்காய்ப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

துக்கம் விசாரித்து ஒரு மாதம் ஆனபோது அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போனார். பெண்பிள்ளை என்பதால் நான் உள்ளே போனேன். அப்பா தெருவிலேயே நின்று, சாத்தியிருந்த கதவைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி! முத்துராமலிங்கம் வந்திருக்கேன்!"

"மாமா, மெல்லப் பேசுங்க. பள்ளிவாசல் வரைக்கும் கேக்குது" என்றாள் உள்ளே இருந்து அசீனா. அத்தையின் மகள், என் வயதுக்காரி, பதினேழு. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

"சரித்தா. அம்மாகிட்டச் சொல்லு. இந்த வருசக் காய்ப்பை மச்சானுக்குன்னு பேசிட்டேன், அதுல மாத்தமில்ல. ஆனா பிள்ளைகளா நின்னு எடுக்க ஏலுமான்னு பாக்கணும். வத்திராயிருப்பு ராக்கப்பன் தெனமும் வந்து நிக்கான். இந்தப் பருவத்தை ஒழுங்கா எறக்கிட்டீகன்னா தோப்பு என்னைக்கும் உங்களுக்குத்தான். சொதப்பிட்டீகன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது."

அத்தை அசீனாவின் காதில் ஏதோ சொன்னார். அசீனா கதவிடம் வந்தாள்.

"கண்ணுக்கு என் மகன் இருக்கான், மூக்குக்கு நான் இருக்கேன்னு அம்மா சொல்றாக."

அப்பா வெளியே செருமினார். மாமாவின் சொல்லை அத்தையின் வாயிலிருந்து, அதுவும் அசீனாவின் குரலில் கேட்டது அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். "ஆகட்டும்" என்றார். அதையும் சத்தமாகத்தான் சொன்னார்.

அசீனாவின் அண்ணன் ஜெய்னுலாப்தீன் தோப்புக் குடிசையில் வந்து தங்கினார். இருபது வயது. ராஜபாளையத்து மில் ஒன்றில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்ததை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருந்தார். முறைப்படி அவரை நான் அத்தான் என்று கூப்பிட வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. அதனால் எதுவுமே கூப்பிடாமல், மரத்தைப் பார்த்தோ நாயைப் பார்த்தோதான் அவரிடம் பேசுவேன்.

அசீனா காலைப் பஸ்ஸில் வருவாள். காய்களை முடிந்துகொண்டு மதியப் பஸ்ஸில் போவாள். வயதுக்கு வந்த பெண் தனியாகப் போகவேண்டாம் என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். நானும் பரீட்சை முடிந்து சும்மாதான் இருந்தேன். மடியில் மாங்காய் முடிச்சோடு அசீனா ஜன்னலோரம் உட்காருவாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வெயில் எங்கள் பக்கம் திரும்பும். முடிச்சு சூடேறி, பஸ் முழுவதும் காம்புப் பாலின் நெடி பரவும்.

"யாருத்தா அது, பஸ்ஸை ஊறுகா ஜாடி ஆக்குறது?" என்பார் கண்டக்டர்.

"உப்பு ஒங்ககிட்ட இருந்தாக் குடுங்க, போட்டுருவோம்" என்பாள் அசீனா. வீட்டில் இத்தனை பேசாதவள். பஸ்ஸில் ஏறினால் மட்டும் அவளுக்கு வேறொரு வாய் வந்துவிடும்.

சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு முடிச்சைக் குனிந்து முகர்வாள். "இதுல ஒண்ணு மட்டும் தனியா நிக்குது தாயி. மத்ததெல்லாம் கூடிப் பேசிக்கிட்டு இருக்கு, இது ஓரமா நிக்குது" என்பாள் என்னிடம். எனக்கு எல்லாம் மாங்காய் வாசம்தான்.

முதலில் கிணத்துமேட்டுச் சப்பட்டையை இறக்கச் சொன்னார் அத்தை. அன்றைக்குச் செட்டியார்பட்டியிலிருந்து பால்சாமி ஆட்களோடு வந்தார். பதினைந்து வருஷமாக மாமாவுக்குக் காய் பறித்தவர். வலை கட்டிய நீளத் தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "சின்ன மொதலாளி, ஏறலாமா? இல்ல, மரத்துக்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்றார்.

"ஏறுங்கண்ணே. காம்போட பறிங்க. பால் வடிஞ்சு தோல்ல பட்டுச்சுன்னா கறுத்துரும்" என்றார் ஜெய்னு.

"அடேயப்பா. இதை எனக்கு யாரும் இதுவரைக்கும் சொல்லவே இல்லையே" என்று பால்சாமி ஆட்களைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜெய்னுவும் சிரிக்கப் பார்த்தார்.

அம்மா கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்துவிட்டிருந்தாள். காய்களைக் காம்பு கீழே பார்க்கும்படி சருகின் மேல் கவிழ்த்து, பால் வடியவிட்டு, சாயங்காலம் வேனில் ஏற்றினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் பின்கட்டில் பழம் போடும் அறை இருந்தது. அத்தையே வைக்கோல் பரப்பி அடுக்கிச் சாத்தினார்.

அறையைத் திறந்தபோது நான் இல்லை. ராஜபாளையத்தில் நடந்ததை ஜெய்னு சொல்லித்தான் தெரியும். மாமாவோடு இருபது வருஷம் வியாபாரம் செய்த பக்கீர் முகமது கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தாராம். தோல் சுருங்கி, கிழவர் கைபோல இருந்ததாம். அறுத்து ஒரு துண்டை வாயில் வைத்தவர் கீழே துப்பிவிட்டு, "ஏலே, நீ சேக் மகன்தானா? உங்கத்தா பேரைச் சொல்லி இதை எப்படிலே நான் விக்க?" என்று கேட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது என்றார் ஜெய்னு. கூடைகள் ஊறுகாய்க்காரனுக்குப் போயின.

மறுநாளே ராக்கப்பன் தோப்புக்கு வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சப்பட்டை சறுக்கிருச்சாமே?"

"ஒரு மரந்தான்."

"ஒரு மரந்தான், ஒரு மரந்தான்னு தோப்பே போயிரும். ஓடைக்கரைப் பஞ்சவர்ணத்துல எம்புட்டுத் தொங்குது பாரு. பாதித் தோப்பு அந்த வரிசையில நிக்குது. ஆனி பொறந்துட்டா காத்து ஒன்னைக் கேட்டுக்கிட்டா வரும்?"

அவர் போன பிறகு அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் ஓடையைப் பார்த்தார். "ஜெய்னு, அந்த வரிசையும் இப்பிடி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய ஏலாதுப்பா" என்றார். ஒருமுறைதான் சொன்னார், அதுவும் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது குறைவு.

அதன்பின் தினமும் ஓடைக்கரைக் காய்தான் ஊருக்குப் போனது. தினமும் அத்தை "இன்னும் பச்சை" என்றார்.

ஒருநாள் நாங்கள் பஸ் இறங்கிச் சந்துக்குள் திரும்பியதுமே பால் தீய்ந்த நாற்றம் மூக்கைக் கிழித்தது. அசீனா தாவணித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவ வீட்டுலயோ மத்தியானத் தூக்கம்" என்று சிரித்தாள். போகப் போக நாற்றம் கூடியது. சிரிப்பு நின்றது. எங்கள் கால் அவள் வீட்டு வாசலில்தான் போய் நின்றது.

அத்தை நடு அறையில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நிலைதான். ஜன்னல் வழியே புகை பின்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"என்னட்டி, ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி வாரீக? எதுக்கு மூக்கைப் பொத்தியிருக்க?"

அசீனா முடிச்சைத் தரையில் வைத்தாள். உள்ளே போய்ப் பாத்திரத்தை இறக்கிக் கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சுர்ரென்ற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "பால் பொங்கிருச்சும்மா, ஒண்ணுமில்ல" என்றாள். முடிச்சை அவிழ்த்து ஒரு காயை எடுத்து, காம்பை ஒடித்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே அதை மூக்குக்குக் கீழே கொண்டுபோனார்.

"ஓடைக்கரை. இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

அசீனா தலையை ஆட்டினாள். அவள் கொடுத்தது ஓடைக்கரைக் காய் இல்லை. அன்றைக்கு முடிச்சில் கூடவே போட்டிருந்த, கிழக்கு வேலியோரத்து வேறொரு மரத்துக் காய். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மணத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று மாமா சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட வந்தவள் பஸ் நிலையத்துத் தூணில் சாய்ந்து நின்றாள்.

"அம்மாவுக்கு வாசமே தெரியல தாயி."

"ஜலதோசமா இருக்கும்."

"அத்தா மௌத்தானப்போ அழுது அழுது ஒரு காச்சல் வந்துச்சே, அதுலருந்துதான். இப்ப யோசிச்சா எல்லாம் தெரியுது. குழம்புல உப்பு கேட்டுப் போடுது. கருவாடு கெட்டுப்போனது தெரியாம கழுவிக்கிட்டு இருந்துச்சு. போன வருசம் எந்த நாள்ல எந்த மரத்தை எறக்குனோமோ அதே கணக்குக்குத்தான் சப்பட்டையைச் சொல்லியிருக்கு. இந்த வருசம் பூவே பிந்தித்தான வந்துச்சு? அது சறுக்குனதும் பயந்துருச்சு. இனிமே எதைக் குடுத்தாலும் பச்சைன்னுதான் சொல்லும்."

"உங்க அண்ணங்கிட்டச் சொல்லிருவோம்."

"சொன்னா அவன் ஓடிப்போய் அம்மாகிட்டக் கேப்பான். ஒரு ரகசியம் தங்காது அவன் வாயில."

"அப்ப அத்தைகிட்டயே கேளு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. "எப்படிட்டி கேக்க? அத்தா போயாச்சு. வாசலைத் தாண்ட முடியாது. நல்ல சேலை கெடையாது, பூ கெடையாது. அந்த மூக்கு ஒண்ணுதான் அம்மாகிட்ட மிச்சம்னு ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு. அதையும் நான் போய் எடுத்துருவேனா?"

பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "நாளைக்கு நான் அங்க தங்குதேன். விடியக்காலத்துல தோப்புக்குள்ள போகணும். பாலு வாசமும் புகை வாசமும் கெளம்புறதுக்கு முன்ன" என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு நூர்பானுவை அத்தைக்குத் துணை வைத்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து படுத்தாள். கருக்கலில் இருவரும் தோப்புக்குள் போனோம். மலை இன்னும் எழவில்லை. ஓடையிலிருந்து ஒரு வெண்மை எழும்பி மரங்களின் இடுப்பு வரை நின்றது. அது மூடுபனியா, முந்தின நாள் காட்டோரம் சருகு எரித்த புகையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அதைக் கேட்டுத் தெளிவதற்கு இருந்த ஒரே ஆள் அசீனா. போன ஆடியில் அவளும் போய்விட்டாள். அதனால் இனி அது மூடுபனிதான்.

"கையைப் புடிச்சுக்கோ. கண்ணைத் தொறக்கமாட்டேன். நீ மரத்துக்கு மரம் கூட்டிக்கிட்டுப் போ. எந்த மரம்னு சொல்லாத" என்றாள்.

நான் நடத்திக்கொண்டு போனேன். ஈரச் சருகு காலடியில் சத்தமில்லாமல் மடங்கியது. முதல் மரத்தடியில் நின்று மூச்சை இழுத்தாள். "இது தூங்குது" என்றாள். அடுத்ததில், "இதுக்குத் தொண்டையில முள்ளு இருக்கு. மண்ணெண்ணெய் மாதிரிக் குத்துது." இன்னொன்றில் வெகுநேரம் நின்று, "இது கெழவி. நேத்தே முடிஞ்சிருச்சு" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கிளி கொத்திய பழங்கள் கிளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்த நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு என்னோடு நடந்தவள் தோப்புக்கே சொந்தமான ஏதோ ஒன்றுபோல இருந்தாள். கையை விட்டால் மரங்களுக்குள் கலந்துவிடுவாள் என்று பயந்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஓடைக்கரைக்கு வந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தானாகவே நின்றாள்.

மேலே கிளை அசைந்தது. ஓடைக்கு அந்தக் கரை மருதமரத்திலிருந்து ஒரு மலையணில் தாவி வந்து பஞ்சவர்ணத்தின் நுனிக்கிளையில் இறங்கியது. பூனைப் பருமன், சாம்பல் நிறம், உடம்பைவிட நீளமான வால். எங்களைக் கண்டதும் அசையாமல் இருந்தது. பிறகு இரண்டு கையாலும் ஒரு காயைப் பிடித்துக் கடித்தது. கடித்ததில் ஒரு சில்லு எங்கள் முன்னால் விழுந்தது.

அசீனா கண்ணைத் திறந்து அதை எடுத்தாள். சதை வெள்ளையாக இல்லை. கொட்டைப் பக்கமாக மஞ்சள் ஓடியிருந்தது. முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு முதன்முதலாக எனக்கும் தெரிந்ததுபோல இருந்தது: பாலின் நெடி அடங்கிப்போய், அதற்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல ஒன்று.

"பஸ்ஸுல ஓரமா நிக்குதுன்னு சொல்வேனே, அது இதுதான்" என்றாள். "நாளைக்கு எறக்கிரணும்."

"ஒரு வாரம்னு அத்தை..."

"ஒரு வாரத்துல காத்து எறக்கிரும்."

குடிசை வாசலில் ஜெய்னு பல் விளக்கிக்கொண்டிருந்தார். அசீனா நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, பால்சாமியண்ணனை வரச் சொல்லு. ஓடைக்கரையை நாளைக்கு எறக்கச் சொல்லிருச்சு அம்மா."

"முந்தாநாளு பச்சைன்னு சொன்னாக?"

"மிச்சக் காயை நேத்து மறுபடியும் மோந்து பாத்துச்சு. நேத்துச் சொல்லிருச்சு."

"சத்தியமா அம்மாதான் சொன்னாகளா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அம்மாதான்" என்றாள். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. தப்பாகிப்போனால் தோப்போடு அத்தையின் பெயரும் சேர்ந்து போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று முழுவதும் அவள் ஒரு வாய் களிகூட இறக்கவில்லை.

பறிப்பன்று அப்பாவும் வந்து நின்றார். ஒரு கூடை நிறைந்ததும் ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் வைத்தார். பால்சாமி மரத்தின் மேலிருந்து, "சின்ன மொதலாளி, மொகத்தை ஏன் காச்சல்காரன் மாதிரி வச்சிருக்கீக? காயி நல்லாத்தான் கனக்குது. ஒங்க அக்கா தங்கச்சி யாராச்சும் சிரிச்சா எங்களுக்கும் கை ஓடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "செத்த நேரம் வாயை மூடிட்டுப் பறிங்கண்ணே" என்றாள் அசீனா. அதற்குத்தான் ஆட்கள் சிரித்தார்கள்.

வேன் கிளம்பும்போதே மலைக்கு மேல் மேகம் புரளத் தொடங்கியிருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பின்னாலிருந்து முதல் காற்று வந்து எங்களைத் தள்ளியது. கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அசீனா திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அத்தை ஆட்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் இருந்தார். கூடைகளைப் பின்கட்டில் இறக்கிவிட்டு அவர்கள் போனதும் வெளியே வந்தார். மேல் கூடையைப் பார்த்தார். இத்தனை கூடை நிறையக் காய்க்கும் வரிசை ஓடைக்கரை ஒன்றுதான்; அதை அடையாளம் காண அவருக்கு மூக்கு வேண்டியதில்லை.

"நீ சொன்ன மாதிரியே ஓடைக்கரையைப் பூரா எறக்கியாச்சும்மா" என்றார் ஜெய்னு.

அத்தை மகனைப் பார்க்கவில்லை, அசீனாவைப் பார்த்தார். அசீனா தரையைப் பார்த்தாள். கிணற்றடியில் வாளித் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ஜெய்னுவின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது.

"என்னம்மா? நீதான சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார் அத்தை. "வைக்கோலைக் கொண்டா. அந்திக்குள்ள அடுக்கணும்."

ஜெய்னு வைக்கோலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனதும் அத்தை அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். முதல் அடுக்கு முடிந்ததும் அத்தை கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"பால் தீஞ்ச அன்னைக்கு."

"இவளுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

அத்தை என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கோபமில்லை. "காச்சல் விட்டு எந்திரிச்சப்போ உலகமே தண்ணியில கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு. சரியாயிரும், சரியாயிரும்னு இருந்தேன். சொல்லிட்டா நெசமாயிருமோன்னு பயம்" என்றார். கையிலிருந்த காயைத் தடவினார். "எதை வச்சு எறக்குன?"

"வாசத்தை வச்சுத்தான். அணிலும் வந்துச்சு."

"தப்பாயிருந்தா?"

"அம்மா சொன்னதுன்னு சொல்லிட்டேனே, அதான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரலம்மா."

அத்தை அவள் தலையில் கை வைக்கப் போனவர், கையில் பால் ஒட்டியிருந்ததால் புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டார். "அடுத்த காயைக் குடு" என்றார்.

அன்றிரவு எங்கள் ஊர்ப்பக்கம் காற்று புகுந்தது. ஓடைக்கரை வரிசை இலையும் குச்சியுமாகக் கொட்டிக் கிடந்தது. காய் இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று அப்பா சொன்னார். ஆனாலும் அறை திறக்கும் வரை யாருக்கும் நெஞ்சு ஆறவில்லை. காற்றுக்கு முன்னால் பறித்ததெல்லாம் பழுத்துவிடும் என்று யார் சொன்னது? சப்பட்டையும் காற்றுக்கு முன்னால் பறித்ததுதான்.

திறக்கும் நாளில் அப்பாவே என்னை பஸ் ஏற்றி அனுப்பினார். முன்னறையில் ஜெய்னு வெறும் கூடைகளை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். பின்கட்டில் அத்தை அறைக்கதவின் தாழைப் பிடித்தபடி நின்றார். திறக்கவில்லை. அசீனா பக்கத்தில் போனதும் தாழை விட்டு விலகிக்கொண்டார்.

"நீ போ. எனக்குச் சொல்லு."

அசீனா கதவைத் திறந்து உள்ளே ஓரடி வைத்து நின்றாள். எனக்கு ஒரு வெதுவெதுப்பு முகத்தில் வந்து பட்டது.

"மொதல்ல வைக்கோல் சூடு வருதும்மா. நெல்லு அவிச்ச அண்டாவைத் தொறந்த மாதிரி."

"அதை விடு. அது எப்பவும் வரும். அதுக்குப் பின்னால?"

"பின்னால..." அசீனா மூச்சை இழுத்து நிறுத்தினாள். "கருப்பட்டி காச்சுற எடத்துல கிட்டப் போகாம, வரப்புல நிக்கிற மாதிரி. காத்து அடிக்கும்போது வருது. பொறவு போயிருது."

"தொண்டையில குத்துதா?"

"குத்தல."

"புளிப்பு?"

"இருக்கு. நாக்குக்கு வரல. பல்லு மட்டும் கூசுது."

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் மார்பு ஏறி இறங்கியது. வராத ஒன்றை மகளின் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுப்பவர்போல இருந்தது. "மழை விழுந்த மண்ணு மாதிரி ஒண்ணு அடியில கெடக்கும். ஓடைக்கரையில மட்டுந்தான் இருக்கும், அது இருக்கா?" என்று கேட்டார்.

அசீனா குனிந்து வைக்கோலை விலக்கி ஒரு பழத்தை எடுத்தாள். மஞ்சளும் சிவப்புமாய்த் தோல் இறுகி மின்னியது. காம்புக் குழியில் மூக்கை வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இருக்கும்மா."

அத்தை சுவரை விட்டு நிமிர்ந்தார். பிறகு பழைய குரலில், சுளகின் முன்னால் உட்கார்ந்து சொல்லும் அதே குரலில், "சரி. கதவைச் சாத்து. இன்னும் ஒரு பொழுது கெடக்கட்டும். நாளைக்கு எடுப்போம்" என்றார்.

அசீனா கதவைச் சாத்தவில்லை. பழத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"இல்லம்மா. இன்னைக்கே எடுத்துரணும். நாளைக்கு ராஜபாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள மேல் அடுக்கு தளந்துரும்."

"உங்கத்தா ஒரு நாளும் எங்கிட்ட இல்லைன்னு சொன்னதில்ல" என்றார் அத்தை.

"தெரியும்மா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறைக்குள்ளிருந்து மணம் வந்துகொண்டே இருந்தது. சந்தில் போன யாரோ நின்று, "பேகம் வீட்டுல பழம் தொறந்துட்டாகடோய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜெய்னு, கூடையை எடுத்துட்டு வா."

"நாளைக்குன்னு சொன்ன மாதிரிக் கேட்டுச்சேம்மா?"

"இன்னைக்குத்தான். தங்கச்சி சொல்லுதா."

முன்னறையில் கூடைகளின் சத்தம் நின்றது. ஜெய்னு மெதுவாக வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு அசீனாவின் பக்கம் திரும்பி, தங்கச்சியிடம் கேட்பதுபோல இல்லாமல், மாமா ஊருக்கு வந்து சுளகின் முன்னால் உட்கார்ந்து கேட்பாரே, அப்படிக் கேட்டார்:

"எந்த அடுக்குலருந்து எடுக்க?"